பலாலியில் எத்தனை விமானம் நிற்கும்?

1987 ஜூன் 3-ஆம் தேதி ராமேஸ்வரத்திலிருந்து 19 மீன்பிடிப் படகுகள் யாழ்ப்பாணத்தை நோக்கிக் கிளம்பின. உள்ளே சுமார் 40 டன் நிவாரணப் பொருள். நடுக்கடலில் இலங்கைக் கடற்படை மறித்தது. படகுகள் திரும்பிவிட்டன. மறுநாள் சாயங்காலம் பெங்களூரிலிருந்து கிளம்பிய ஐந்து ஏஎன்-32 சரக்கு விமானங்கள், மிராஜ் 2000 போர் விமானங்கள் காவலுக்கு வர, யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் பொருளைப் பாராசூட்டில் போட்டுவிட்டுத் திரும்பின. ஆபரேஷன் பூமாலை என்று அதற்குப் பெயர்.

எங்கள் பக்கம் இந்தக் கதையை எடுத்தால் பேச்சு நேராக மிராஜுக்குப் போய்விடும். எனக்கு மனசில் நிற்பது அந்த இரண்டு எண்கள்தான், 40-ம் 25-ம். ராமநாதபுரத்தில் இருபது வருஷமாக லாரி புக்கிங் பார்க்கிறேன். எந்தச் செய்தியைப் படித்தாலும் எத்தனை டன், எத்தனை நடை, இறக்குகிற இடத்தில் எவ்வளவு நேரம் என்றுதான் முதலில் தோன்றும். 1981 கணக்கெடுப்பின்படி யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். 25 டன்னை ஏழு லட்சத்தால் வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு 35 கிராம் சொச்சம். கைப்பிடி அரிசி கூட ஆகாது. திரும்பி வந்த படகுகளின் 40 டன்னும் போய்ச் சேர்ந்திருந்தால் ஆளுக்கு 57 கிராம்.

ஆகவே அந்த ஐந்து விமானங்கள் பசியை ஆற்றப் போகவில்லை. "எங்களால் வர முடியும்" என்று கொழும்புக்குச் சொல்லப் போயின. அந்த வேலைக்கு ஐந்து விமானம் போதும், அதைச் செய்தும் முடித்தன. ஆனால் எட்டு வாரத்துக்குள் அதே கடலைத் தாண்டி ஒரு முழு டிவிஷன் படையை, அதாவது பல ஆயிரம் பேரை, அனுப்ப வேண்டி வந்தது. பொருளைப் போட்டுவிட்டு வருவதற்கும் படையைக் கொண்டுபோய் இறக்கி, தினமும் அதற்குச் சோறும் குண்டும் அனுப்புவதற்கும் நடுவில் உள்ள தூரத்தைத்தான் இங்கே அளந்து பார்க்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை இந்திய அமைதி காக்கும் படை இலங்கையில் இருந்த காலம், இந்தக் கடலின் இரண்டு கரையிலும் ஆறாத காயம். அங்கே செத்த பொதுமக்களின் உறவுகள் மண்டபம் அகதி முகாமில் இன்னும் இருக்கிறார்கள். உயிரோடு திரும்பாத ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களின் வீடுகள் இந்தியா முழுக்க இருக்கின்றன. படை போயிருக்க வேண்டுமா என்ற கேள்வி பெரியது. அதை இந்தப் பக்கங்களில் தொடவில்லை. சுமைக் கணக்கை மட்டும் பேசுகிறேன். அந்தக் கணக்கு தப்பினாலும் மனிதர்கள்தான் சாகிறார்கள் என்பதால் அதுவும் சின்ன விஷயம் இல்லை.

வத்தல் லோடும் உப்பு லோடும்

என் சித்தப்பா விமானப்படையில் சரக்கு விமானப் பிரிவில் தரை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஆபீஸுக்கு எதிரே முண்டு வத்தல் மூட்டை ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டே ஒரு நாள் எனக்குப் பாடம் எடுத்தார். "இந்த லாரியில பாரம் எவ்வளவு ஏத்தலாம்?" என்று கேட்டார். பத்து டன் என்றேன். "வத்தலை ஏத்தி பத்து டன் காட்டு பார்ப்போம்" என்றார்.

காட்ட முடியாது. வத்தல் மூட்டை கேபினுக்கு மேலே எழும்பி, தார்ப்பாய் போட்டு, கயிறு இழுத்துக் கட்டி, வண்டி கர்ப்பிணி மாதிரி நிற்கும். எடைமேடையில் ஏற்றினால் ஆறோ ஏழோ டன். அதே வண்டி வாலிநோக்கத்தில் உப்பு ஏற்றினால் பாதி உயரம்கூட வராது, அதற்குள் பத்து டன் தாண்டிவிடும். முதல் லோடில் இடம் தீர்கிறது. இரண்டாவதில் எடை தீர்கிறது.

விமானமும் அப்படித்தான். ஏஎன்-32 அதிகபட்சம் 6.7 டன் தூக்கும் என்பது கையேட்டுக் கணக்கு. பூமாலையில் விமானத்துக்குச் சராசரியாக ஐந்து டன்தான் வருகிறது. இது குறை இல்லை. பாராசூட்டில் போடும் பொருளைப் பெட்டியில் அடைத்து, வலை கட்டி, பாராசூட் மாட்டி, பின்கதவு வழியாக வரிசையாகச் சரிந்து விழும்படி வைக்க வேண்டும். நடுவே இடம் விட வேண்டும். போய்த் திரும்புகிற எரிபொருளும் உள்ளேயே இருக்க வேண்டும். ஆட்களை ஏற்றினாலும் இதே கதைதான். ஐம்பது சிப்பாய்கள், ஆளுக்கு மூட்டை துப்பாக்கியோடு நூறு கிலோ என்று வைத்தால் ஐந்து டன். இருக்கை தீர்ந்துவிடும், கையேடு சொல்லும் எடை மிச்சம் இருக்கும்.

ஜீப் ஏற்றும்போதுதான் கஷ்டம் அதிகம் என்றார் சித்தப்பா. பின் சரிவுப் பலகையில் பின்புறமாக ஏற்றி, தரையில் உள்ள வளையங்களில் சங்கிலி போட்டு முறுக்க வேண்டும். எடையின் மையம் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு முழம் பின்னால் போனால் விமானம் வாலில் கனத்துவிடும். அவர் மணலில் விரலால் விமானத்தை வரைந்து, ஜீப்பை ஒரு கூழாங்கல்லாக வைத்து, முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டினார். "லோடு ஷீட்டில கையெழுத்து போடுறவன் அந்தக் கல்லு எங்க நிக்குதுன்னு பார்த்துட்டுதான் போடணும்" என்றார்.

ஆகவே "இத்தனை விமானம், தலைக்கு இத்தனை டன்" என்று பெருக்கிச் சொல்கிற எண்ணை யாராவது மேஜையில் வைத்தால், முதல் கேள்வி: ஏற்றப்போவது வத்தலா, உப்பா? கூடாரம், படுக்கை, ரேடியோ, ஆஸ்பத்திரிச் சாமான் எல்லாம் வத்தல் லோடு. தோட்டா, மோர்ட்டார் குண்டு, தண்ணீர் எல்லாம் உப்பு லோடு. ஒரு பட்டாலியனில் (சில நூறு பேர் கொண்ட படைப்பிரிவு) இரண்டும் கலந்திருக்கும். இரண்டையும் சரியாகக் கலந்து ஏற்றினால் நடை குறையும். ஆனால் அப்படிக் கலக்கும்போது பட்டாலியனுக்குள் இருக்கும் ஒரு கம்பெனியின் ஆள் ஒரு விமானத்திலும் அவர்களுடைய மோர்ட்டார் வேறொரு விமானத்திலும் போய்விடும். இறங்கிய இடத்தில் உடனே சண்டை என்றால் அந்தச் சிக்கனம் ஆளைக் கொன்றுவிடும். அதனால் சண்டைக்கு இறங்குகிற பிரிவுகளை, இடம் வீணானாலும் பரவாயில்லை என்று, ஆளும் ஆயுதமும் ஒன்றாக இருக்கும்படி ஏற்றுவார்கள். அந்த வீணாகிற இடத்தையும் திட்டத்தில் எழுதி வைக்க வேண்டும்.

நடைக் கணக்கு

இனி ஒரு சின்னக் கணக்கு. தூரம் மட்டும் நிஜம், மற்ற எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்தின் விமானத்தளமான பலாலி நேர்க்கோட்டில் சுமார் 185 கிலோமீட்டர். ஒரு ஏஎன்-32 ஓடி, ஏறி, பறந்து, இறங்க 45 நிமிடம் என்று வைப்போம். பலாலியில் நின்று இறக்க ஒரு மணி நேரம். திரும்ப 45 நிமிடம். திருச்சியில் மறுபடி ஏற்ற அரை மணி. ஒரு நடை மூன்று மணி நேரம். பகல் வெளிச்சம் 12 மணி நேரம் என்றால் ஒரு விமானம் நாலு நடை போகும். பத்து விமானம் இருந்தால் நாற்பது நடை. நடைக்கு ஐந்து டன் என்றால் நாளைக்கு 200 டன்.

மேஜையில் வைக்கப்படும் எண் பெரும்பாலும் இந்த 200-தான்.

இப்போது பலாலிப் பக்கம் வந்து நிற்போம். ஒரே நேரத்தில் இரண்டு விமானம்தான் நிறுத்தி இறக்க இடமிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு இரண்டு, 12 மணி நேரத்துக்கு 24. நாளைக்கு 120 டன். அதற்கு ஆறு விமானமே போதும். மீதி நாலும் திருச்சியில் நிற்கும், இல்லையென்றால் கடலுக்கு மேலே வட்டமடித்து எண்ணெயை எரிக்கும். கூடுதலாக இன்னும் பத்து விமானம் வாங்கிக் கொடுத்தாலும் அந்த 120 ஒரு கிலோ கூடாது.

இதே இடத்தில் பலாலிக்கு ஒரு ஃபோர்க்லிப்ட்டும் முப்பது ஆட்களும் அனுப்பி, இறக்கும் நேரத்தை ஒரு மணியிலிருந்து 40 நிமிடமாகக் குறையுங்கள். ஒரு இடத்தில் 18, இரண்டு இடத்தில் 36. நாளைக்கு 180 டன். அதற்கு ஒன்பது விமானம் வேண்டும், இருக்கிறது. ஒரு ஃபோர்க்லிப்ட் 60 டன்னைக் கூட்டிவிட்டது. மீன் ஏற்றப் போகிற வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். துறைமுகத்தில் எட்டு வண்டி வரிசையில் நிற்கும்போது ஒன்பதாவது வண்டி அனுப்புகிற முதலாளியை யாரும் புத்திசாலி என்று சொல்ல மாட்டார்கள்.

எண்ணெய் விஷயமும் இதோடு சேர்ந்தது. பலாலியில் எரிபொருள் நிரப்ப முடியாது என்றால் திரும்புகிற எண்ணெயையும் சுமந்துகொண்டு போக வேண்டும், சுமை குறையும். அங்கேயே நிரப்பலாம் என்றால் நிற்கும் நேரம் கூடும், இடம் அடைபடும். அந்த எண்ணெயையும் யாராவது அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்க வேண்டும். 185 கிலோமீட்டருக்குச் சுமந்துகொண்டு போவதே மேல். இரண்டாயிரம் கிலோமீட்டர் என்றால் பதில் மாறும்.

அப்புறம் திரும்பி வரும் நடை. காயம்பட்டவர்களை ஏற்றி வர வேண்டும். ஸ்ட்ரெச்சர் மாட்ட நேரமாகும். சாலையில் வந்துகொண்டிருக்கும் ஆம்புலன்ஸுக்காக விமானம் காத்திருக்கும். காத்திருக்கத்தான் வேண்டும், அதில் யாரும் பேரம் பேசக் கூடாது. ஆனால் சண்டை மூண்ட நாளில் ஒவ்வொரு விமானமும் இருபது நிமிடம் கூடுதலாக நிற்கும் என்று முன்கூட்டியே கணக்கில் எழுதியிருந்தால்தான், குண்டு தீர்ந்துபோய் உட்கார்ந்திருக்கும் கம்பெனிக்கு யாரும் பொய் நேரம் சொல்ல வேண்டியிருக்காது.

ஜூலையும் அக்டோபரும்

1987 ஜூலை 29-ஆம் தேதி இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாளே 54-வது காலாட்படை டிவிஷனின் முதல் பிரிவுகள் பலாலியில் இறங்கத் தொடங்கின. போனது அமைதி காக்க. ஆகவே ஏற்றியது அதற்கேற்ற சுமை. கனரக ஆயுதங்களில் பெரும்பகுதி பின்தங்கியது. பட்டாலியன்கள் அமைதிக் காலத்து ஆள்பலத்தில் இருந்தன. அவசரத்தில் அனுப்பும் எந்தத் திட்டத்திலும் இது நடக்கும். முதல் நாள் எதற்காகப் போகிறோமோ அதற்கான சுமையைத்தான் ஏற்றுவோம்.

அக்டோபர் இரண்டாவது வாரத்தில் வேலை மாறிவிட்டது. விடுதலைப் புலிகளோடு சண்டை தொடங்கியது. உடனே கூடுதல் பிரிகேடுகள் வேண்டும், டாங்கி வேண்டும், பீரங்கி வேண்டும். ஜூலையில் சாவகாசமாகக் கொண்டுபோயிருக்கக் கூடியதை எல்லாம் அக்டோபரில் குண்டு வெடிக்கும்போது கொண்டுபோக வேண்டிவந்தது. வந்திறங்கிய பட்டாலியன்களில் சில, ஊர் எது, தெரு எது என்று பார்க்க நேரமில்லாமல் விமானத்தளத்திலிருந்தே சண்டைக்குள் நடந்தன. கையில் இருந்த வரைபடங்களும் பழையவை. அக்டோபர் இந்தக் கடற்கரைக்கு வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற மாதம் என்பதை ராமநாதபுரத்துக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேகம் இறங்கினால் நடை குறையும். பகல் 12 மணி நேரம் என்று நான் மேலே வைத்த எண் ஐப்பசியில் பாதி நாள் நிற்காது.

பழி சொல்ல இதை எழுதவில்லை. விமானப்படைக்காரர்கள் அந்த வாரங்களில் செய்தது அசாத்தியமான வேலை. முப்பது மாதத்தில் இலங்கைக்கும் இலங்கைக்குள்ளும் சுமார் 70,000 முறை பறந்ததாக விமானப்படையின் கணக்கு. என் கவனம் வேறு இடத்தில். ஜூலை 30-க்கும் அக்டோபர் 10-க்கும் நடுவே பத்து வாரம் இருந்தது. அந்தப் பத்து வாரமும் காங்கேசன்துறைத் துறைமுகம் பலாலியிலிருந்து சில கிலோமீட்டரிலேயே இருந்தது. "அமைதி குலைந்தால் என்னென்ன வேண்டும்" என்று ஒரு பட்டியல் போட்டு, அதைக் கப்பலில் கொண்டுபோய் பலாலி வேலிக்குள் அடுக்கி வைத்திருந்தால், அக்டோபரில் விமானங்களுக்கு வேலை பாதியாகியிருக்கும் என்பது என் கணிப்பு. அப்படி அடுக்குவது, நாளை நீங்கள் சண்டைக்குத் தயாராகிறீர்கள் என்று எதிராளிக்குக் காட்டும் என்ற தயக்கம் இருந்திருக்கலாம். அமைதிப்படை என்று போய்விட்டு டாங்கி இறக்குவது எளிதான முடிவில்லை. ஆனாலும் அந்தத் தயக்கத்தின் விலை விமான நடையில் எவ்வளவு என்பதை ஒருவர் எண்ணாக எழுதி, முடிவெடுப்பவர் முன்னால் வைத்திருக்க வேண்டும். சுமைக் கணக்கு போடுகிறவனின் கடமை அதுதான்.

மைதானம்

அக்டோபர் 11 இரவு, 12 விடியல். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் ஆட்களை இறக்கி, அங்கே கூடியிருப்பதாகச் சொல்லப்பட்ட புலித் தலைவர்களைப் பிடிப்பது திட்டம். பாரா கமாண்டோக்களும், 13-வது சீக்கிய இலகு காலாட்படையின் ஆட்களும். கையில் இருந்தவை எம்ஐ-8 ஹெலிகாப்டர்கள் நாலு. ஆகவே ஒரே தடவையில் முடியாது, அலை அலையாகப் போய்வர வேண்டும். எதிர்த்தரப்புக்குச் செய்தி முன்பே தெரிந்திருந்தது. முதலில் கமாண்டோக்கள் இறங்கினார்கள். அடுத்து சீக்கியப் படையில் முப்பது பேர். அதற்குள் ஹெலிகாப்டர்கள் சூடுபட்டுச் சேதமாகிவிட்டன. மீதி அலைகள் வரவில்லை. அந்த முப்பது பேரில் இருபத்தொன்பது பேர் அங்கேயே இறந்தார்கள். ஒருவர் பிடிபட்டார்.

இந்த இடத்தில் நான் நிறைய நேரம் நின்றிருக்கிறேன். உளவு கசிந்தது, எதிரியைக் குறைத்து மதிப்பிட்டது எல்லாம் உண்மை. அவற்றைப் பற்றி ராணுவத்தார் எழுதியிருக்கிறார்கள். சுமைக் கணக்குக்காரனின் கண்ணில் படுவது வேறு. அந்தத் திட்டம், அதே நாலு ஹெலிகாப்டரும் ஒவ்வொரு அலைக்கும் திரும்பி வரும் என்பதன் மேல் உட்கார்ந்திருந்தது. நாற்பது நடை என்று காகிதத்தில் எழுதும்போது நாற்பதாவது நடையும் முதல் நடை மாதிரியே நடக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். லாரி பழுதானால் மூட்டை ரோட்டோரம் கிடக்கும், அவ்வளவுதான். அலையாக ஆள் இறக்கும்போது இரண்டாவது நடை வராவிட்டால் முதல் நடையில் இறங்கியவன் செத்துப்போவான். ஆகவே அப்படிப்பட்ட திட்டத்தில் கொள்ளளவு என்றால் மொத்த அலைகளின் கூட்டுத்தொகையை எடுக்கவே கூடாது. முதல் அலை தனியாக மாட்டிக்கொண்டால் விடியும்வரை தாங்குமா? தாங்காது என்றால் அந்த ஹெலிகாப்டர் எண்ணிக்கைக்கு அந்தத் திட்டம் இல்லை. கைவிட வேண்டும், அல்லது ஹெலிகாப்டர் சேரும்வரை காத்திருக்க வேண்டும்.

மாலத்தீவில் சரியாக நடந்தது

ஒரு வருஷம் கழித்து, 1988 நவம்பர் 3. மாலத்தீவில் ஆயுதக் கும்பல் தலைநகரைப் பிடித்தது. அதிபர் கயூம் உதவி கேட்ட அன்றைக்கே ஆக்ராவிலிருந்து ஐஎல்-76 என்ற பெரிய சரக்கு விமானங்கள் பாராசூட் படைப்பிரிவினரை ஏற்றிக்கொண்டு, 2,000 கிலோமீட்டருக்கும் மேல் நிற்காமல் பறந்து, இரவே ஹுல்ஹுலே விமானத்தளத்தில் இறங்கின. அங்கிருந்து படகில் தலைநகரான மாலேத் தீவுக்குப் போனார்கள்.

இது ஏன் நடந்தது? ஓடுதளம் இன்னும் நண்பர்கள் கையில் இருந்தது. பெரிய விமானம் இறங்கக்கூடிய நீளம். போனது சின்னப் படை, முதல் நடையிலேயே வேலை முடியும் அளவு. இரண்டாவது நடை வராவிட்டாலும் அவர்கள் தாங்கியிருப்பார்கள். தப்பி ஓடிய கப்பலைக் கடற்படை துரத்திப் பிடித்தது. விமானத்துக்கு விமானத்தின் வேலை, கப்பலுக்குக் கப்பலின் வேலை, கடைசித் துண்டுக் கடலுக்குப் படகு. பலாலிக்கு 185 கிலோமீட்டரில் பட்ட கஷ்டம் 2,000 கிலோமீட்டரில் இல்லை என்றால், தூரத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று தெரிகிறது.

பெர்லினில் நிலக்கரி

உலகத்தில் இந்தக் கணக்கை மிகக் கவனமாகப் போட்டவர்கள் பெர்லினுக்குச் சோறு கொண்டுபோனவர்கள். 1948 ஜூனில் சோவியத் தரப்பு மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலையையும் ரயிலையும் அடைத்தது. 1949 செப்டம்பர் வரை சுமார் 2,78,000 பறப்புகளில் 23 லட்சம் டன் போனது. அதில் பெரும்பங்கு நிலக்கரி. கருவேலங்கரி மூட்டை தூக்குகிற எங்கள் ஊர் ஆட்களுக்கு அது எப்படிப்பட்ட லோடு என்று தெரியும். கரித்தூள் எங்கும் புகுந்துவிடும்.

முதல் வாரங்களில் குழப்பம். ஆகஸ்ட் 13 அன்று மேகத்துக்கு மேலே விமானங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் காத்து நின்றன, கீழே விபத்துகள். இந்தப் பறப்புகளை நடத்திய அமெரிக்க ஜெனரல் டன்னர் அதற்குப் பிறகு கொண்டுவந்த விதிகளைப் பாருங்கள். முதல் முறை இறங்க முடியாவிட்டால் சுற்றிவந்து மறுபடி முயலக் கூடாது, சுமையோடு அப்படியே திரும்பிப் போய்விட வேண்டும். ஓட்டுநர்கள் விமானத்தை விட்டு நகரக் கூடாது. காபியும் தின்பண்டமும் வானிலைக் குறிப்பும் ஜீப்பில் அவர்களிடம் வரும். பெர்லின் மக்களே, பெண்கள் நிறையப் பேர் உட்பட, கல்லும் இடிபாடும் சுமந்து அந்த நகரத்தின் டேகல் பகுதியில் புது ஓடுதளம் போட்டார்கள். 1949 ஈஸ்டர் நாளில் 24 மணி நேரத்தில் 1,398 பறப்புகள், 12,941 டன். அவர்கள் செய்ததில் பாதிக்கு மேல் தரை வேலை.

பிற்பாடு அமெரிக்கர்கள் மொத்தக் கொள்ளளவை ஒரே எண்ணில் சொல்லப் பழகினார்கள்: நாளைக்கு எத்தனை மில்லியன் டன்-மைல் (ஒரு டன்னை ஒரு மைல் கொண்டுபோவது ஒரு டன்-மைல்). விமான எண்ணிக்கை, சுமை, வேகம், ஒரு நாளில் பறக்கும் மணி நேரம், வெறுமனே திரும்புகிற பங்கைக் கழித்த விகிதம், எல்லாவற்றையும் பெருக்கி வருகிற எண் அது. 1981-ல் 66 என்று இலக்கு வைத்தார்கள். 1995-ல் அது 49.7 ஆனது. 2001 வாக்கில் 54.5. எத்தனை விமானம் வாங்கலாம் என்று நிதி கேட்பதற்கு இது நல்ல எண். ஒரு குறிப்பிட்ட ஊரில் எத்தனை விமானம் நிற்கும் என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. அதற்கென்று அவர்களே தனியாக ஒரு எண் வைத்திருக்கிறார்கள்: ஒரே நேரத்தில் தரையில் நிற்கக்கூடிய அதிகபட்ச விமானங்கள். நான் படித்தவரை, நிஜமாகப் போகும்போது இந்த இரண்டாவது எண்தான் ஆளுகிறது.

பாம்பனின் ஒற்றைத் தண்டவாளம்

நம் கரைக்கு வருவோம். 1987 ஜூனில் பாம்பனில் சாலைப் பாலம் கிடையாது. அது திறந்தது 1988 அக்டோபர் 2-ஆம் தேதி. அதுவரை ராமேஸ்வரம் தீவுக்குப் போவது என்றால் 1914-இல் கட்டிய பாலத்தின் மேல் ஒற்றை மீட்டர்கேஜ் தண்டவாளம், இல்லையென்றால் மண்டபத்திலிருந்து படகு. ஒரு படையை இந்தக் கரையிலிருந்து அனுப்ப நினைத்திருந்தால் எல்லாமே அந்த ஒற்றைத் தடத்தில் நின்றிருக்கும்.

கடலும் பெரிதாக உதவாது. பாக் நீரிணையின் பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் ஆழமில்லை. ராமர் பாலத்து மணல்மேட்டில் பல இடங்களில் ஆள் நிற்கலாம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் ஓடிய கப்பல் 1964 டிசம்பர் புயலோடு போனது. கரைக்குக் கரை முப்பது கிலோமீட்டர்தான் என்றாலும் டாங்கி ஏற்றிய கப்பல் இந்த வழியில் வராது. அது சென்னையிலிருந்தோ விசாகப்பட்டினத்திலிருந்தோ சுற்றி வந்துதான் காங்கேசன்துறைக்கும் திருகோணமலைக்கும் போக வேண்டும். அதனால்தான் வரைபடத்தில் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் 1987-ன் கனமான சுமைகளுக்கு எங்கள் கரை பின்வாசலாகவே இருந்துவிட்டது.

எங்கள் பக்கம் உச்சிப்புளியில் ஒரு விமானத்தளம் இருக்கிறது. 2009-லிருந்து அது கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து. அங்கிருந்து பலாலி வெறும் 130 கிலோமீட்டர். டோர்னியர் என்ற சிறு விமானமும் ஹெலிகாப்டரும் ஆளில்லா விமானமும் பறக்கின்றன, கடலைக் கண்காணிப்பதற்காக அமைந்தது. "இங்கிருந்தே சி-17 அனுப்பலாமே" என்று பஸ்ஸில் யாராவது சொல்லும்போது நான் ஓடுதளத்தின் நீளத்தை மட்டும் பேசுவதில்லை. சி-17 குட்டையான ஓடுதளத்திலும் இறங்கக் கூடிய விமானம்தான். 77 டன் தூக்கும், நம்மிடம் 11 இருக்கின்றன. இறங்கிய பிறகு அது திரும்ப வேண்டும். அதன் கனத்தைத் தரை தாங்க வேண்டும். நிற்கும்போது மற்றவர்களுக்கு வழி விட வேண்டும். 77 டன்னை ஏற்ற பத்துப் பன்னிரண்டு லாரிகள் ராமநாதபுரம் சாலையில் வந்து வரிசை நிற்க இடம் வேண்டும். இதெல்லாம் உச்சிப்புளியில் இல்லை, கட்டவேண்டிய அவசியமும் இப்போது தெரியவில்லை. திருச்சி, தஞ்சாவூர், சூலூர் எல்லாம் இருக்கின்றன. உச்சிப்புளிக்குப் பொருத்தமான வேலை ஹெலிகாப்டருக்கானது: கடலைத் தாண்டி ஆளை மீட்பது, காயம்பட்டவர்களைக் கொண்டுவருவது, அவசர மருந்து.

அண்மையில் இந்தக் கடலிலேயே ஒரு சோதனை நடந்தது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப்போட்டபோது இந்தியா ஆபரேஷன் சாகர் பந்து என்று உதவி அனுப்பியது. முதல் நிவாரணப் பொருளைக் கொடுத்தது விமானம் இல்லை. ஐஎன்எஸ் விக்ராந்தும் ஐஎன்எஸ் உதயகிரியும் கப்பற்படை விழாவுக்காகக் கொழும்பில் ஏற்கெனவே நின்றிருந்தன, அவற்றிலிருந்தே கொடுத்தார்கள். பின்னால் சரக்கு விமானங்கள் வந்தன, கள மருத்துவமனை வந்தது, உடைந்த சாலைகளுக்காகப் பெய்லி பாலத்தின் (துண்டுகளைக் கோத்துக் கட்டும் இரும்புப் பாலம்) பாகங்கள் சி-17-இல் வந்தன. அந்தப் பாலத்தை விமானத்தில் அனுப்பியது சரியான முடிவு. கனமான சுமைதான், ஆனால் அது ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேர்ந்தால் ஒரு ஊருக்கு லாரி போகும். அரிசி மூட்டைக்கு அந்த அவசரம் இல்லை, அது கப்பலில் வரலாம்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டார்: "சரி, நாளைக்கே மறுபடி பலாலிக்கு அனுப்பணும்னா முதல் விமானத்துல எதை ஏத்துவ?" நான் ஆட்கள் என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார். ஒரு பழைய லோடு ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அதை ஆபீஸ் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்: சமிக்ஞை கொடுக்க ஆறு பேரும் ரேடியோவும், ஓடுதளம் ஓரம் வைக்க விளக்கு, ஒரு ஃபோர்க்லிப்ட், அதை ஓட்டத் தெரிந்த இரண்டு பேர், எரிபொருள் குழாயும் பம்பும், இறக்கிய மூட்டையை எங்கே வைப்பது என்று சுண்ணாம்பில் கோடு போட ஒரு ஹவில்தார், தண்ணீர், ஒரு டாக்டர். மீதி இடத்துக்குக் காவலுக்கு ஒரு பிளாட்டூன். அதற்குக் கீழே கோடு போட்டு எழுதியிருந்தார்: "இரண்டாவது விமானம், முதல் விமானம் கூப்பிட்ட பிறகு."